வாளிக்குள் நுழையாத கப்பல்

தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு ஸ்கேல் தன் அம்மாவைத் தேடுவாள்.

ஸ்கேல் என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. உண்மைப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. கதவைப் பார்த்தால் கதவு எத்தனை அடி, பூனையைப் பார்த்தால் வால் எத்தனை அங்குலம் என்று கேட்கிற பெண்ணைத் தெருக்காரர்கள் வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

அவள் அம்மாவைத் தேடும் இடம் அப்பாவின் போன். அதில் கப்பல்களைக் காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. கடல் நீலமாக இருக்கும். தரை மஞ்சளாக இருக்கும். நீலத்தின் மேல் சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்ன அம்புகள் நகர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு அம்பும் ஒரு கப்பல். ஓடும் வரை அது அம்பு, நின்றுவிட்டால் வெறும் புள்ளி.

பச்சை அம்புகளில் ஒன்றில் அம்மா வேலை பார்த்தார். கப்பல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போடும் அதிகாரி அவர்.

"கோடு தப்பாப் போட்டா என்னம்மா ஆகும்?" என்று ஸ்கேல் ஒருமுறை கேட்டாள்.

"ரப்பர் வச்சிருக்கேன்டி" என்றார் அம்மா.

அம்மாவின் கப்பல் எதையும் மூட்டை கட்டி ஏற்றாது. கோதுமையோ உப்போ நிலக்கரியோ, அப்படியே அறைக்குள் கொட்டி மூடி போட்டு எடுத்துக்கொண்டு போகும். "நம்ம சர்க்கரை டப்பா மாதிரிதான், கொஞ்சம் பெருசு" என்பார் அம்மா. எவ்வளவு பெரிது என்று தெரியாவிட்டால் ஸ்கேலுக்குத் தூக்கம் வருமா? அந்தப் பச்சை அம்பைத் தொட்டால் விவரங்கள் வரும். அவற்றை அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

நீளம் 190 மீட்டர். அகலம் 32 மீட்டர். அடியிலிருந்து மேல்தளம் வரை உயரம் 18 மீட்டர். சரக்கு ஏற்றியபின் தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 12.8 மீட்டர். சரக்கு அறைகள் ஐந்து. கிரேன்கள் நான்கு.

நோட்டைப் பார்க்காமலே சொல்வாள். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்பா ஒருநாள் கேட்டே பார்த்துவிட்டார்.

கப்பல் கரையை விட்டு வெகுதூரம் போய்விட்டால் அம்பு மறைந்துவிடும். நடுக்கடலில் போனும் எடுக்காது. அந்த நாட்களில் ஸ்கேல் பால்கனியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, மனதுக்குள்ளேயே கப்பலை நகர்த்துவாள். சில சமயம் அம்மா மேல்தளத்தில் நின்று தலை வாரிக்கொள்வது கூடத் தெரியும். காற்று அம்மாவின் முடியை ஒரு பக்கமாக இழுக்கும். அப்பா வந்து "சாப்பிட வா" என்று தோளைத் தொடும்வரை அவள் கரைக்குத் திரும்பமாட்டாள்.

அவள் தம்பி விஷயம் வேறு.

தம்பிக்கு வயது நான்கு. உருண்டையாக இருப்பான், ஓரிடத்தில் நிற்கமாட்டான். அதனால் அவன் பெயர் பட்டாணி. அம்மா போனுக்குள் வசிக்கிறார் என்பது பட்டாணியின் முடிவு. கப்பல் கரையோரம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் போன் அடிக்கும். உள்ளே அம்மா முகம் வரும், பேசும், சிரிக்கும், மறைந்துவிடும். வேறு எங்கே இருப்பாராம்? ஒருநாள் போனைத் திருப்பிப் பின்பக்கம் கதவு இருக்கிறதா என்று பார்த்தான். இன்னொரு நாள் திரையில் ஒரு பிஸ்கட்டை வைத்து, தேய்த்தும் பார்த்தான்.

பிறகு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முதல்ல வெளிய வா. அப்புறம்தான் பேசுவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அது நடந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. அப்பா கெஞ்சினார். ஸ்கேல் மிட்டாய் தருவதாகச் சொன்னாள். அவன் அசையவில்லை. போன வாரம் அம்மா, "சரி விடுங்க, தூங்குறான் போல" என்றார். அவன் தூங்கவில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். மேசைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால் படத்தில் தெரிந்தது. சொல்லும்போது அம்மாவின் குரல் கம்மிவிட்டது. ஸ்கேலுக்கு அன்று முழுவதும் எதுவும் பிடிக்கவில்லை.

இன்று மறுபடி ஞாயிற்றுக்கிழமை. அம்மாவின் கப்பல் எங்கோ ஒரு தூரதேசத்துத் துறைமுகத்தில் கோதுமை ஏற்றி முடித்திருந்தது. ஐந்து மணிக்கு அம்மா பேசுவார். அதன்பின் கப்பல் கிளம்பிவிடும். முப்பத்தாறு நாள் கடல். முப்பத்தாறு நாளும் போன் கிடையாது.

'இன்னைக்கும் இவன் பேசலேன்னா, அம்மா அந்தக் குரலை எடுத்துக்கிட்டுத்தான் கடலுக்குள்ள போவாங்க' என்று ஸ்கேல் நினைத்தாள். மத்தியானம் மூன்று மணிக்குத் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து வரைபடத்தைத் திறந்தாள்.

"இங்க பாருடா. அம்மா போனுக்குள்ள இல்ல. இதோ, இந்தப் பச்சைப் புள்ளி இருக்குல்ல, இது கப்பல். அதுலதான் அம்மா இருக்காங்க."

பட்டாணி புள்ளியை உற்றுப் பார்த்தான். இரண்டு விரலால் திரையை விரித்தான். வரைபடம் பெரிதானது. புள்ளி அப்படியே இருந்தது.

"அம்மா இவ்ளோ குட்டியா ஆயிட்டாங்களா?"

"அது அடையாளம்டா. நிஜக் கப்பல் பெருசு."

"நீலம் என்னது?"

"கடல்."

"மஞ்சள்?"

"தரை."

பட்டாணி திரைமேல் மூக்கு இடிக்கக் குனிந்தான். "அப்ப அம்மா கப்பல் ஏன் மஞ்சள்ல நிக்குது?"

ஸ்கேலும் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பலைக் காட்டும்போது அந்த வரைபடம் ஒரு முடியளவு தப்பு செய்யும். புள்ளி கரைமேல் ஏறி நின்றது. "அது அப்படித்தான் காட்டும்" என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்க அவள் பால்கனிக்குப் போனாள்.

நான்கு வயதுப் பையனிடம் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகக் கூடாது. அது அவளுக்குக் கால்மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

"ஐயையோ" என்று அப்பாவின் குரல் குளியலறையிலிருந்து கேட்டது.

ஸ்கேல் துணியோடு ஓடினாள். பட்டாணி ஒரு வாளியின் முன் குந்தியிருந்தான். வாளி நிறையத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் அப்பாவின் போன்.

அப்பா ஒரு பஸ் டிரைவர். நடுரோட்டில் மாடு படுத்திருந்தாலும் நிதானம் இழக்காத மனிதர். இப்போது அவர் முகம் சிவந்துவிட்டது. போனை வெளியே எடுத்து உதறினார், துடைத்தார், பொத்தானை அமுக்கினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"என்ன வேலைடா இது? ஏன் இப்படிப் பண்ணினே?"

பட்டாணியின் உதடு பிதுங்கியது. "அம்மா கப்பல் தரையில ஏறிடுச்சு. தண்ணியில விட்டேன். மிதக்கும்னு விட்டேன்."

அப்பா பொத்தானை அமுக்குவதை நிறுத்தினார்.

"இது என்னோட தப்புப்பா. அவன் கேட்டான். நான் சரியாச் சொல்லாம எழுந்து போயிட்டேன்" என்றாள் ஸ்கேல்.

பட்டாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கறுப்புத் திரையைப் பார்த்தான். அவன் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"அம்மா மூழ்கிட்டாங்களா?"

அவன் கத்தி அழவில்லை. ஏதோ ரகசியத்தைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது. "இல்லடா, இல்லடா" என்று அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார். ஆனால் போனுக்குள் வசிக்கும் அம்மாவைத் தன் கையாலேயே தண்ணீரில் போட்டவனுக்கு "இல்லடா" எப்படிப் போதும்? அவன் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மணி மூன்றரை.

ஸ்கேலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் ஒன்று தோன்றியது.

"அப்பா, படம் கிடைக்கலேன்னா அம்மா இந்த நம்பருக்குத்தானே கூப்பிடுவாங்க? நம்பர் சிம்முலதானே இருக்கு? சிம்மைக் கழட்டித் துடைச்சு வேற போன்ல போட்டா?"

அப்பா அவளைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி இறங்கிவிட்டது.

தெருவில் சாவி செய்துகொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரரைப் பிள்ளைகள் சாவி மாமா என்பார்கள். மூவரும் அங்கே போனபோது அவரிடம் பழைய பொத்தான் போன் ஒன்று சும்மாதான் கிடந்தது. சட்டையில் தேய்த்துத் துடைத்து, சிம்மைப் போட்டுக் கொடுத்தார். போன் 'டிங்' என்று உயிர் பெற்றது.

"ஆனா ஒண்ணு. இதுல மூஞ்சியெல்லாம் தெரியாது. குரல் மட்டும்தான்" என்றார்.

பட்டாணி அந்தப் போனை எட்டிப் பார்த்தான். அதன் திரை அவனுடைய கட்டைவிரல் அளவுதான் இருந்தது. "இதுக்குள்ள அம்மா நுழையமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி அப்பாவின் தோளுக்குள் போய்விட்டான்.

ஸ்கேல் தம்பியின் முதுகைப் பார்த்தபடி நின்றாள். அவனிடம் ஆயிரம் தடவை சொன்னாலும் இனி ஏறாது. அவன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான். கப்பலை எங்கே கொண்டுவந்து காட்டுவது?

அவள் தெருவைப் பார்த்தாள். நீளமான தெரு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டிகள் இல்லை. வெயில் சாய்ந்து, ஒரு பக்கத்து வீடுகளின் நிழல் மறுபக்கத்துச் சுவர்களைத் தொடப் பார்த்தது.

"மாமா, சாக்பீஸ் இருக்கா?"

சாவி மாமா இரும்பில் அடையாளம் போட வைத்திருந்த பெரிய சாக்கட்டி ஒன்றைக் கொடுத்தார். ஸ்கேல் தெருமுனை விளக்குக் கம்பத்துக்கு ஓடினாள். தன் நடையில் இரண்டு எட்டு வைத்தால் ஒரு மீட்டர் என்று அவளுக்குத் தெரியும். எதையும் அளக்கிறவள் தன் காலை அளக்காமல் இருப்பாளா? நூற்றுத் தொண்ணூறு மீட்டருக்கு முந்நூற்று எண்பது எட்டு.

"பட்டாணி, இறங்கி வாடா. இதுதான் கப்பலோட மூக்கு." கம்பத்தடியில் ஒரு கூரான மூக்கு வரைந்தாள். "இங்கேருந்து நடப்போம். நீ என் கையைப் பிடிச்சுக்கோ."

பட்டாணி யோசித்தான். பிறகு இறங்கினான். அப்பா பொத்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

முப்பது எட்டு நடந்ததும் ஸ்கேல் குறுக்கே ஒரு கோடு போட்டு '1' என்று எழுதினாள். "இது முதல் அறை. இது நிறையக் கோதுமை."

இன்னும் அறுபது எட்டு போய் '2' எழுதியபோது சாவி மாமா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என் கடை வாசல்ல என்ன கோடு?"

"கப்பல் அகலம் முப்பத்திரண்டு மீட்டர் மாமா. தெரு பத்து மீட்டர்கூட இல்ல. அதனால ரெண்டு பக்கமும் வீட்டுக்குள்ள எல்லாம் போகும். உங்க கடை இப்ப ரெண்டாம் நம்பர் அறைக்குள்ள இருக்கு."

"அப்ப நான்?"

"கோதுமைக்குள்ள இருக்கீங்க. உங்களுக்கு மேல இன்னும் நாலு மாடி உயரத்துக்குக் கோதுமை."

சாவி மாமா ஒரு கணம் தலைக்கு மேலே பார்த்தார். பிறகு வாயை இறுக மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கையால் துழாவித் துழாவித் தன் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார். பட்டாணிக்கு அழுகை போன இடம் தெரியவில்லை. ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

'3' அவர்கள் வீட்டு வாசலுக்கு நேரே விழுந்தது. '4' தையற்கடைக்கு எதிரே. '5' பூட்டிக் கிடந்த பழைய அச்சகத்தின் முன்னால். ஒவ்வொரு அறைக்கும் ஸ்கேல் ஒரு பெரிய சதுர மூடி வரைந்தாள். மூடிக்கும் மூடிக்கும் நடுவே ஒரு கிரேன் வரைந்தாள். தெருவின் கடைசியில் பல் டாக்டரின் கட்டடம் இருந்தது.

"இங்க கப்பலோட வீடு. சாப்பாட்டு அறை, தூங்கற அறை எல்லாம் இங்கதான். மேல தெரியுதே மொட்டைமாடி, அதுக்கும் ரொம்ப மேல நின்னுதான் அம்மா கோடு போடுவாங்க."

முந்நூற்று எண்பதாவது எட்டில் நின்று இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் விளக்குக் கம்பம் ஒரு குச்சியளவு தெரிந்தது. நடுவில் தெரு முழுவதும் கப்பல்.

"தண்ணி எங்க?" என்றான் பட்டாணி.

"அந்த நாலு மாடி வீடு தெரியுதா? அதோட மொட்டைமாடி வரைக்கும் தண்ணி. நாம கடலுக்கு அடியில நிக்கறோம்."

பட்டாணி மேலே பார்த்தான். ஸ்கேலும் பார்த்தாள். மொட்டைமாடிக்கு மேலே வானம் பச்சையும் நீலமுமாக மெல்ல அசைந்தது. யார் வீட்டுத் திரைச்சீலையோ ஜன்னலுக்கு வெளியே வந்து, மீன் திரும்புவதுபோல நிதானமாகத் திரும்பி உள்ளே போனது. தெருவில் சத்தமே இல்லை. தன் காலுக்குக் கீழே இரும்பு லேசாக அதிர்கிறது என்று ஸ்கேலுக்குத் தோன்றியது. அது பயமாக இல்லை, நன்றாக இருந்தது. அம்மா தினமும் இந்த அதிர்வின் மேல்தான் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"பட்டாணி, இவ்ளோ பெரிய கப்பல் நம்ம வாளிக்குள்ள போகுமா?"

அவன் கப்பலின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தான். அவசரப்படாமல் யோசித்தான்.

"போகாது."

"அப்ப வாளியில மூழ்குமா?"

"மூழ்காது." கொஞ்சம் பொறுத்து, அவனாகவே சொன்னான். "போனுக்குள்ளயும் போகாது."

"அப்ப அம்மா?"

"கப்பல்ல" என்றான் பட்டாணி.

ஸ்கேல் அவனை அப்படியே கட்டிக்கொண்டாள். அப்பா வேறு பக்கம் திரும்பி, பல் டாக்டரின் பெயர்ப் பலகையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

அப்போது போன் அடித்தது. மணி ஐந்து.

"ஹலோ" என்றார் அப்பா. "ஆமா, நாந்தான். படம் வராது. போன் குளிக்கப் போயிருக்கு. அப்புறம் சொல்றேன்." அவர் பட்டாணியைப் பார்த்தார். அவனை எதுவும் கேட்கவில்லை. போனை மட்டும் நீட்டினார்.

பட்டாணி இரண்டு கையாலும் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, நீ நனைஞ்சுட்டியா?"

மறுமுனையில் அம்மா அவன் பெயரை இரண்டு தடவை சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமையாகக் கேட்காத குரல் அல்லவா? பிறகுதான் பதில் சொன்னார். பழைய போன் என்பதால் குரல் தெருவுக்கே கேட்டது.

"இல்லடா கண்ணு. காஞ்சுதான் இருக்கேன். இங்க இப்பதான் விடிஞ்சிருக்கு, நல்ல வெயில்."

"நீ எங்க நிக்கற?"

"நானா? கப்பல்லடா."

"கப்பல்ல எங்க?"

அம்மாவுக்குக் கேள்வி புதிதாக இருந்திருக்க வேண்டும். "மேல்தளத்துல. மூணாம் நம்பர் மூடிகிட்ட. சரியா மூடியிருக்கான்னு பாக்க வந்தேன்."

பட்டாணி தெருவைப் பார்த்தான். ஐந்து, நான்கு, மூன்று. மறுகணம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஓடத் தொடங்கினான். அச்சகத்தைத் தாண்டினான். தையற்கடையைத் தாண்டினான். ஸ்கேலும் அப்பாவும் பின்னால் ஓடினார்கள். தங்கள் வீட்டு வாசலில், '3' என்று எழுதிய சதுரத்தின் ஓரத்தில் அவன் மூச்சிரைக்க நின்றான்.

"அக்கா," என்றான், "அம்மா வெளிய வந்துட்டாங்க. நம்ம வீட்டு வாசல்லதான் நிக்கறாங்க."

ஸ்கேல் போனருகே குனிந்து, தெருவில் கப்பல் வரைந்த கதையை நாலே வார்த்தையில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று வந்தது. ஆனால் இந்தத் தடவை அம்மாவின் குரல் கம்மவில்லை.

"பட்டாணி, மூணாம் நம்பர்கிட்டயாடா இருக்க?"

"ஆமாம்மா. உன் பக்கத்துல."

"அப்ப கீழ பாத்து நில்லு. சிந்தின கோதுமையைப் புறாங்க கொத்திக்கிட்டு இருக்கு. மிதிச்சுடாத."

பட்டாணி குனிந்து பார்த்தான். மெதுவாக ஒரு காலைத் தூக்கி, இரண்டு அடி தள்ளி வைத்தான். பிறகு மற்றக் காலையும் எடுத்து வைத்தான்.

அப்பாவும் சத்தம் போடாமல் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்.